கடைசி ஆளிடம் யாரை அனுப்புவது

ஐரோலி
11 மே 2025

அன்புள்ள ஷ்யாமளா,

நானும் உன் மன்னியும் நல்லபடியாக வந்து சேர்ந்தோம். அவளுக்கு முட்டி வலி கொஞ்சம் தேவலை. பிள்ளை அஷ்வத்தின் கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறது. நீ கண்ணுக்குச் சொட்டு மருந்தை விடாமல் போட்டுக்கொள். ஏமாற்றுவாய் என்று தெரியும், அதனால்தான் சொல்கிறேன்.

போனை அணைத்து அஷ்வத்தின் பீரோவில் வைத்துவிட்டேன். நம் கட்டடத்து சொசைட்டி தேர்தலில் தோற்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ரிசல்ட் வந்த அரைமணியில் கமிட்டி வாட்ஸாப் குரூப்பிலிருந்து என்னை நீக்கினார்கள் பார், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்த குரூப்பை ஆரம்பித்தவனே நான். இருபத்திரண்டு வருஷம் செகரட்டரியாக இருந்தவனுக்கு ஒரு நன்றித் தீர்மானம் கிடையாது. ‘ராஜபாண்டி உங்களை நீக்கினார்’ என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

தாராவியில் தகரப் பட்டறை வைத்திருப்பவன். நம் கட்டடத்துக்கு வந்து நாலு வருஷம்கூட ஆகவில்லை, அவன் புது செகரட்டரி. தண்ணீர் பம்பை எப்போது போட வேண்டும் என்றாவது அவனுக்குத் தெரியுமா?

இவ்வளவு பக்கத்தில் இருக்கும் செம்பூருக்கும் ஐரோலிக்கும் நடுவில் கடிதமா என்று சிரிக்காதே. அஷ்வத்தின் போனில் கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டு வீடே கேட்கும். எழுது. பம்ப் விஷயத்தை முதலில் எழுது.

உன் நலமே நினைக்கும்,
அண்ணா பத்ரிநாராயணன்


திலக் நகர், செம்பூர்
20 மே 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஷ்யாமளா எழுதுவது. மருந்து போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்; எழுத்து கோணலாக இருந்தால் அது மருந்தின் குற்றம். மன்னியை அதிகம் நிற்க விடாதே.

பம்பை ஆறு மணிக்குப் போடுகிறார்கள். தண்ணீர் வருகிறது. உனக்கு வருத்தமாகத்தான் இருக்கும், என்ன செய்வது?

மாட்டுங்கா பள்ளிக்கூடத்தில் ஆயுசு முழுக்கச் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவளுக்கு வேறு மாதிரி ஆறுதல் சொல்லத் தெரியாது. ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலியில், ஃப்ளாரன்ஸ் நகரத்தில் உன்னைப் போலவே ஒரு செகரட்டரி இருந்தார். ராஜா இல்லாத ஊர். சபை கூட்டி ஆண்டார்கள். பதினாலு வருஷம் அந்தச் சபைக்காகக் கடிதம் எழுதினார், தூது போனார், படைக்கு ஆள் சேர்த்தார். பிறகு பழைய பணக்காரக் குடும்பம் ஒன்று திரும்பி வந்து ஊரைப் பிடித்தது. இவர் வேலை போயிற்று. சதி செய்தார் என்று சந்தேகப்பட்டு, கைகளைப் பின்னால் கட்டிக் கயிற்றில் தூக்கித் தூக்கிப் போட்டார்கள். உன்னை குரூப்பிலிருந்து மட்டும்தான் நீக்கினார்கள், அதையும் நினைத்துக்கொள்.

அப்புறம் கிராமத்துப் பண்ணை வீடு. பகலெல்லாம் சத்திரத்தில் சீட்டாட்டம், கசாப்புக்காரரோடு சண்டை. சாயங்காலம் ஆனால் சேற்று உடுப்பைக் கழற்றிவிட்டு, அரண்மனைக்குப் போகிற உடுப்பை மாட்டிக்கொண்டு, தன் அறையில் பழைய ஆசிரியர்களோடு மனசுக்குள் பேசிக்கொண்டிருப்பாராம். அப்படி எழுதியதுதான் அதிகாரத்தைப் பிடிப்பது எப்படி, காப்பாற்றுவது எப்படி என்கிற சின்னப் புத்தகம். அதைத் தன்னைக் கவிழ்த்த குடும்பத்துக்கே காணிக்கையாக்கினார். நீயும் பொழுது போக ஏதாவது எழுதேன்.

மாடிப்படிக்குக் கீழே இஸ்திரி போடும் பேராச்சி தினமும் கேட்கிறாள். “டீச்சரம்மா, சாரோட வெள்ளச் சட்டைய அங்ஙன யாரு தேய்க்கா?” என்ன பதில் சொல்லட்டும்?

பதிலை எதிர்பார்க்கும் தங்கை,
ஷ்யாமளா


ஐரோலி
29 ஜூன் 2025

அன்புள்ள ஷ்யாமளா,

இங்கே எல்லோரும் சௌக்கியம். மழை ஆரம்பித்ததும் உன் மன்னிக்கு முட்டி மறுபடி தகராறு. உனக்கு இருமல் வந்துவிடாமல் பார்த்துக்கொள்.

மேற்படி ஃப்ளாரன்ஸ்காரர் என்னைத் தூங்க விடவில்லை. அஷ்வத் அவரைப் பற்றிக் கம்ப்யூட்டரில் எடுத்துக் கொடுத்ததையெல்லாம் படித்தேன். மனுஷன் என் அனுபவத்தைத்தான் எழுதியிருக்கிறான். இப்போது நானும் சாயங்காலம் ஆனால் குளித்து, மீட்டிங்குக்குப் போட்டுப்போகும் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துவிடுகிறேன். மருமகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். இங்கே தேய்க்கிற சட்டையில் காலர்தான் நிற்கவே மாட்டேன் என்கிறது.

இத்துடன் பதினோரு பக்கம் வைத்திருக்கிறேன். ராஜபாண்டிக்கு எழுதியது. பிழை இருந்தால் திருத்தி, உன் கையாலேயே கொடு. கட்டடத்தை இடித்துக் கட்ட பில்டர் வந்திருக்கிறானாமே. ஒரு வீடு கையெழுத்துப் போடாவிட்டாலும் வேலையைத் தொடமாட்டேன் என்கிறானாமே. என் சம்மதப் பத்திரம் தபாலில் வந்த அன்றைக்கே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். இனிமேல்தான் அந்தப் பையனுக்கு நான் தேவைப்படுவேன்.

கசப்பானதையெல்லாம் ஒரே நாளில் செய்து முடி, இனிப்பை மட்டும் சொட்டுச் சொட்டாகக் கொடு என்று எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் போடாதவரோடு சண்டை வேண்டாம். சண்டை போட்டால் நாலு பேர் அவருக்காக நியாயம் பேச வருவார்கள். அவர் வீட்டுக்கு யாரும் போகாமல் மட்டும் பார்த்துக்கொள். நல்ல நாளும் அதுவுமாக வாசல் காலியாகக் கிடந்தால் எப்பேர்ப்பட்டவரும் வழிக்கு வருவார். கடைசியில் ஒரே ஆள் மிஞ்சினால் நீ போகாதே, அவருக்குப் பிரியமானவர் யாரோ அவரை அனுப்பு. முந்தைய செகரட்டரி வாயால் கொடுத்த வாக்கு எதுவும் உன்னைக் கட்டுப்படுத்தாது. மீட்டிங் மினிட்ஸ் புத்தகத்தில் ஏறாதது நடக்காதது. இப்படிப் போகிறது. எழுதி முடித்தபோது எனக்கே என்மேல் மரியாதை வந்தது. படித்தால் கூப்பிடாமல் இருப்பானா, சொல்.

நல்ல செய்திக்குக் காத்திருக்கும்,
அண்ணா


திலக் நகர்
30 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

இரண்டு மாதமாக எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. இருமல் இல்லை. கண்ணும் பரவாயில்லை. மழை, பிறகு ஆவணி அவிட்டம், பிறகு தெருமுனையில் கணபதி பந்தலின் சத்தம் என்று நாள் ஓடிவிட்டது. மன்னிக்கு ஒரு தைலம் அனுப்புகிறேன்.

உன் பதினோரு பக்கத்தையும் படித்தேன். பிழையே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இன்னும் கொடுக்கவில்லை. ராஜபாண்டி பட்டறையிலிருந்து வர ராத்திரி ஆகிவிடுகிறது, பார்க்க முடிவதில்லை.

ஃப்ளாரன்ஸ்காரரின் மீதிக் கதையை நான் உனக்குச் சொல்லவில்லை. அந்தப் புத்தகத்தை மேலிடத்தில் சேர்ப்பிக்கச் சொல்லி ஒரு சிநேகிதருக்கு எழுதிக்கொண்டே இருந்தார். சிநேகிதர் மழுப்பிக்கொண்டே இருந்தார். அவர் ஆசைப்பட்ட பழைய நாற்காலி கிடைக்கவில்லை. கடைசியில் அந்தக் குடும்பத்தை விரட்டிவிட்டு ஊர்ச்சபை திரும்பவும் வந்தது. ஆசையோடு ஓடினார். அவர்களும் சேர்க்கவில்லை, நீ அந்தப் பக்கத்து ஆள் என்றார்கள். சில வாரங்களில் செத்துப்போனார். ஒன்று தெரியுமா? அவரே இன்னொரு பெரிய புத்தகமும் எழுதினார், சாதாரண ஜனங்கள் தங்களைத் தாங்களே ஆள்வதைப் பற்றி. வாக்கைக் காப்பாற்றுவதில் ஒற்றை மன்னரைவிட ஊர்ச்சபை மேல் என்றுகூட அதில் சொல்கிறார். அந்தப் பக்கம்தான் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

விதியை அவர் ஆற்று வெள்ளம் என்றார். வந்தபின் தடுக்க முடியாது, வருமுன் கரை கட்டலாம் என்றார். ஜூலை இருபத்தாறு வந்து போயிற்றே, 2005 வெள்ளம் உனக்கு ஞாபகம் வந்ததா? நம் படிக்கட்டில் இடுப்பளவு தண்ணீரில் அன்றைக்கு யார் நின்றாள், அவளிடம் நீ என்ன சொன்னாய் என்று சும்மா கேட்கிறேன்.

பேராச்சி உன்னை மறுபடி விசாரித்தாள். போன தடவையும் எழுதியிருந்தேன்.

என்றும் உன்,
ஷ்யாமளா


ஐரோலி
4 செப்டம்பர் 2025

ஷ்யாமளா,

நலம். நீயும் நலமாக இரு.

மழுப்பிய சிநேகிதன் கதையை எனக்கு எதற்கு எழுதினாய் என்று புரிந்தது. நீ கொடுக்கப்போவதில்லை. உனக்கு நான் இங்கேயே உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். பரவாயில்லை. என்னிடம் கைநகல் இருக்கிறது. இன்று கூரியரில் நானே ராஜபாண்டிக்கு அனுப்பிவிட்டேன்.

வெள்ளத்தைப் பற்றியெல்லாம் இப்போது பேச எனக்கு நேரமில்லை. தைலம் வந்தது. மன்னி நன்றி சொல்கிறாள்.

பத்ரிநாராயணன்


திலக் நகர்
5 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

கோபம் தணிந்திருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். மன்னி இந்த வருஷம் ஐரோலியில் கொலு வைத்தாளா? நான் வழக்கம்போல ஐந்து படி வைத்தேன். செட்டியார் பொம்மையின் கை உடைந்துவிட்டது, ஃபெவிக்கால் போட்டு ஒட்டினேன்.

முதல் நாள் வழக்கமான அளவுக்குக் கொண்டைக்கடலைச் சுண்டல் பண்ணினேன். இரண்டாம் நாள் பாதி. மூன்றாம் நாளிலிருந்து ஒரு கைப்பிடி. வெற்றிலைக்கட்டு அப்படியே வாடிப்போயிற்று. பேராச்சி மட்டும் தினமும் வந்து கீழ்ப்படியில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டாள். பாடத் தெரியாது என்று வெட்கப்பட்டாள், பிறகு அவள் ஊர் அம்மன் பாட்டு ஒன்று பாடினாள். நன்றாகவே இருந்தது.

யாரோடும் எனக்குச் சண்டை இல்லை. எதிரே பார்த்தால் எல்லோரும் மரியாதையாகச் சிரிக்கிறார்கள். உடம்பு தேவலை. என்னைப் பற்றிக் கவலைப்படாதே.

உன் தங்கை,
ஷ்யாமளா


ஐரோலி
11 அக்டோபர் 2025

ஷ்யாமளா,

உன் கடிதத்தை முதலில் சாதாரணமாகப் படித்துவிட்டு வைத்துவிட்டேன். மன்னிதான் வாங்கிப் படித்துவிட்டுக் கேட்டாள்: “ஷ்யாமளாவாத்துக் கொலுவுக்கு ஒருத்தரும் வரலையா? நாலு மாடியும் அங்கேதானே வந்து நிக்கும்?”

உன் கடிதத்தை மறுபடி வாங்கிப் படித்தேன். வாசல் காலியாகக் கிடக்கட்டும் என்று எழுதினவன் நான். மூன்றாவது மாடி பாங்க்காரர்தான் கையெழுத்துப் போடாமல் முரண்டு பிடிப்பார் என்று நினைத்துத்தான் எழுதினேன்.

ஒரே ஒரு கேள்வி. நீ கையெழுத்துப் போட்டாயா, இல்லையா?

அண்ணா


திலக் நகர்
26 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

தீபாவளி நல்லபடியாகக் கழிந்திருக்கும். நான் விடிகாலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு குளித்தேன். மன்னி கொடுத்தனுப்பிய லேகியம் உறைப்பாக, நன்றாக இருந்தது.

போடவில்லை. பாங்க்காரர் முதல் வாரமே போட்டுவிட்டார். இப்போது நான் ஒருத்திதான் பாக்கி.

எனக்குப் புது வீடு வேண்டாம் என்றில்லை. லிஃப்ட் இருந்தால் என் காலும் சந்தோஷப்படும். பத்திரத்தில் பேராச்சிக்கு இடமில்லை. கேட்டேன். “டீச்சர், அந்தம்மா பேருல ஒரு காயிதம் காட்டுங்க, உடனே சேர்த்துருதேன்” என்றான் ராஜபாண்டி. மரியாதையாகத்தான் சொன்னான். காகிதம் எங்கே இருக்கிறது? வெள்ளம் வந்த அன்றைக்குத் தாராவியில் அவள் குடிசையை மித்தி ஆறு கொண்டுபோனது. இஸ்திரிக்குத் துணி வாங்க வந்தவள் இங்கேயே மாட்டிக்கொண்டு, தண்ணீரில் நின்று அழுதுகொண்டிருந்தாள். நீ மேல்படியில் நின்று சொன்னாய்: “அழாதே. படிக்குக் கீழே இருந்துக்கோ. நாளைக்கு இந்தக் கட்டடத்தை இடிச்சுக் கட்டினாலும் உனக்கு ஒரு மூலை உண்டு. செகரட்டரி சொல்றேன்.” நான் உன் பக்கத்தில்தான் நின்றேன். உன்னை நினைத்து அவ்வளவு பெருமைப்பட்டது அன்றைக்குத்தான்.

நீ அதை மினிட்ஸில் ஏற்றவில்லை. அவளும் கேட்கவில்லை. செகரட்டரி சொன்னால் போதும் என்று இருபது வருஷம் இருந்துவிட்டாள்.

இதை நானாக உனக்கு எழுதக்கூடாது என்றிருந்தேன். ஒவ்வொரு கடிதத்திலும் அவள் பெயரை மட்டும் வைத்தேன். உனக்கே ஞாபகம் வர வேண்டும் என்று ஆசை. உன் பதினோரு பக்கத்தில் அந்த வாக்கை நீயே ரத்து செய்திருந்ததைப் படித்தபோது அழுதேன், அண்ணா. கோபத்தில் இல்லை. நீ அவளை வேண்டுமென்று மறக்கவில்லை, உனக்கு அவள் ஞாபகமே இல்லை என்றுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஷ்யாமளா


ஐரோலி
16 நவம்பர் 2025

அன்புள்ள ஷ்யாமளா,

நீ சௌக்கியமா என்று கேட்கவே வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன். மூன்று வாரம் பேனாவை எடுக்கக் கை வரவில்லை.

நேற்று ராஜபாண்டி வந்தான். பேடா டப்பாவும் ஒரு சால்வையுமாக. உட்காரச் சொன்னால்கூட உட்காரவில்லை. “சார், எனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். வீட்டுக்காரிய வாசிக்கச் சொல்லி மூணு மட்டம் கேட்டேன். எம்புட்டு அறிவு சார் ஒங்களுக்கு! ஒங்கள நீக்குனது என் தப்புதான்” என்றான். ஆறு மாதமாக நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை. உள்ளே ஒரு நிமிஷம் குளிர்ந்துதான் போனேன். பொய் சொல்ல மாட்டேன்.

புதுக் கட்டடத்துக்கு நான்தான் செகரட்டரி என்றான். தான் சேர்மன் ஆகிவிடுவானாம். தரைத்தளத்தில் கண்ணாடி போட்ட ஆபீஸ் ரூமாம். கதவில் என் பெயராம்.

பிறகு சொன்னான்: “முப்பதாம் தேதி ஞாயித்துக்கெழமை ஜெனரல் பாடி இருக்கு. டீச்சரம்மா ஒருத்திதான் பாக்கி. கடைசி ஆளுகிட்ட நான் போவக்கூடாதுன்னு நீங்கதான எழுதிருக்கீய. அதான் ஒங்ககிட்ட வந்தேன்.”

அவன் என்னைக் கேலி செய்யவில்லை. எழுதியவரிடம் எழுதியதைச் சொன்னான், அவ்வளவுதான். நான் பேராச்சி பெயரை எடுத்தேன். அவன் முகம் கொஞ்சம் மாறிற்று. “எங்கம்மைக்கே தாராவில காயிதம் கெடயாது சார். அவளே ஒண்ணும் இல்லாமத்தான் செத்தா. காயிதம் இல்லாதவங்களுக்கெல்லாம் நின்னுக்கிட்டிருந்தா ஒரு செங்கல் மேல ஏறாது” என்றான். கொடுமைக்காரன் இல்லை, ஷ்யாமளா. அவன் பட்டது அது.

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். பேடா டப்பா இன்னும் மேஜைமேல் இருக்கிறது. யாரும் திறக்கவில்லை. இருபத்தொன்பதாம் தேதி அங்கே வரலாமா?

உன்,
அண்ணா


திலக் நகர்
19 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

சௌக்கியமாகத்தான் இருக்கிறேன். இதென்ன கேள்வி? உன் தங்கை வீடு. எப்போது வந்தாலும் கதவைத் திறப்பேன், மாட்டுங்காவிலிருந்து வாங்கிவைத்த பொடியில் காப்பி போடுவேன். மன்னி வந்தால் மாடியேறக் கைபிடித்துக் கூட்டி வா.

யாராக வருகிறாய் என்பதை மட்டும் முன்னாலேயே எழுதிவிடு. ராஜபாண்டி அனுப்பி வருகிறாய் என்றால், நீ வாயைத் திறக்குமுன்னே நான் கையெழுத்துப் போட்டுவிடுவேன். நீ கேட்டு இல்லை என்று எனக்குச் சொல்ல வராது. அது உனக்கும் தெரியும், அதனால்தான் ‘பிரியமானவரை அனுப்பு’ என்கிற அந்த வரி அவ்வளவு நன்றாக எழுதவந்திருக்கிறது.

ஷ்யாமளா


ஐரோலி
24 நவம்பர் 2025

அன்புள்ள ஷ்யாமளாவுக்கு,

மன்னியும் வருகிறாள். முட்டியை நீயே நேரில் விசாரித்துக்கொள்.

போனைப் பீரோவிலிருந்து எடுத்தேன். ராஜபாண்டியைக் கூப்பிட்டு, எனக்கு அந்த ரூம் வேண்டாம் என்றேன். என் சம்மதப் பத்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக அஷ்வத்தை விட்டு எழுதிப் போட்டுவிட்டேன். ஆகவே இனி நீ கடைசி ஆள் இல்லை. என் வீடும் பாக்கி. என்னிடம் யாரை அனுப்பலாம் என்று அந்தப் பதினோரு பக்கத்தில் தேடிப் பார்க்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில் எழுந்து நின்று, 2005-ல் நான் சொன்னதைச் சொன்ன மாதிரியே சொல்லப்போகிறேன். செகரட்டரி சொன்னது சொசைட்டி சொன்னது, அது இன்றைக்காவது மினிட்ஸில் ஏறட்டும் என்று கேட்பேன். சிரிப்பார்கள். வாங்கின சால்வையை மறந்தான் என்பார்கள். இவன் எந்தப் பக்கத்து ஆள் என்று இரண்டு பக்கமும் கேட்கும். ஜெயிப்போம் என்று நினைக்கவில்லை. ஆனால் ராஜபாண்டி முகம் மாறினதைப் பார்த்தேன் அல்லவா, அவனுக்கு அவன் அம்மாவை ஞாபகப்படுத்தாமல் விடப்போவதில்லை. அந்தப் பெரிய புத்தகத்தில் ஊர்ச்சபையும் வாக்கும் பற்றி வருகிற இடத்தை எடுத்து வை. சனிக்கிழமை ராத்திரி எனக்குப் படித்துச் சொல்.

உன் ஃப்ளாரன்ஸ்காரர் கடைசிவரை கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார், பழைய நாற்காலிக்குக் கூப்பிடவே இல்லை என்றாய். முதலில் பரிதாபப்பட்டேன். இப்போது அவர் கொடுத்துவைத்தவர் என்று தோன்றுகிறது. என்னைக் கூப்பிட்டார்கள்.

கார்த்திகை அடுத்த புதன்கிழமை. உனக்குச் சீராகப் பொரி உருண்டையும் அப்பமும் மன்னி கட்டிக்கொண்டிருக்கிறாள். பேராச்சிக்குத் தனியாக ஒரு பொட்டலம்.

யாராக வருகிறாய் என்று கேட்டிருந்தாய். பேராச்சியிடம் சொல்: அவள் விசாரித்ததற்கெல்லாம் இதுதான் பதில் என்று. வெள்ளைச் சட்டையை ஆறு மாதமாக இங்கே யாரும் சரியாகத் தேய்க்கவில்லை. சனிக்கிழமை கொண்டு வருகிறேன், ஞாயிறு காலைக்குள் தேய்த்துத் தர வேண்டும். தேய்த்துவிட்டு மீட்டிங்குக்கு அவளும் வர வேண்டும். என் பக்கத்து நாற்காலியில் உட்காரட்டும்.

உன்,
அண்ணா